ஒரே வீடு, ஏழு இரவு: தோர்தோஞ் ஆற்றங்கரையில் ஓர் இலையுதிர் காலம்

பிரான்ஸுக்குப் போகிறோம் என்று யாராவது சொன்னால், கையோடு ஒரு பட்டியலும் வரும். பாரிஸ் மூன்று நாள், லியோன் ஒரு நாள், நீஸ் ஒரு நாள், நடுவில் எங்காவது ஒரு கிராமம். நாட்டுப்புறத்தை இலையுதிர் காலத்தில் ஆற அமரப் பார்க்க வேண்டும் என்று கேட்பவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். ஒரே ஒரு பள்ளத்தாக்கைத் தேர்ந்தெடுங்கள். அங்கே ஒரு வீட்டை எடுத்து ஏழு இரவு தங்குங்கள். டீ ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற விஷயமில்லை, அதனால் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எந்த இடம்? என் தேர்வு தென்மேற்கில் இருக்கும் தோர்தோஞ் ஆற்றுப் பள்ளத்தாக்கு. பழைய பெயர் பெரிகோர். சர்லா என்ற சிற்றூரை நடுவில் வைத்துக்கொண்டால், பாறைச் சுவரை ஒட்டி வீடுகள் நிற்கும் லா ரோக் கஜாக், குன்றின் விளிம்பில் கோட்டை நிற்கும் பெய்நாக், 1281இல் மலை உச்சியில் கட்டப்பட்ட தோம் எல்லாமே 15 கிலோமீட்டருக்குள் வந்துவிடும். சர்லாவின் மஞ்சள் கல் வீடுகள் ஒரு காலத்தில் இடிந்துகொண்டிருந்தன. பழைய நகர்ப்பகுதிகளைக் காக்க 1962இல் அமைச்சர் ஆந்த்ரே மல்ரோ கொண்டுவந்த சட்டத்தின் கீழ் முதலில் சீரமைக்கப்பட்ட ஊர்களில் அதுவும் ஒன்று. பாடகி ஜோசஃபின் பேக்கர் 1947இல் விலைக்கு வாங்கி, தத்தெடுத்த 12 பிள்ளைகளை வளர்த்த மிலாந்த் மாளிகையும் பக்கத்தில்தான். ஒவ்வொரு நாளும் அரைமணி நேரப் பயணத்தில் ஓர் ஊர், மாலையில் அதே வீடு. பெட்டியை ஒரு முறைதான் பிரிக்க வேண்டியிருக்கும்.

அடுத்து, தேதி. செப்டம்பர் கடைசி வாரத்திலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை நல்ல காலம். கோடைக் கூட்டம் போயிருக்கும், கடைகள் திறந்திருக்கும், அக்ரூட் கொட்டை மரத்திலிருந்து உதிரத் தொடங்கியிருக்கும். பகலில் ஒரு மெல்லிய ஸ்வெட்டர் போதும், காலையும் இரவும் கனமான மேலாடை வேண்டும். அக்டோபர் மூன்றாம் வாரவாக்கில் பள்ளிகளுக்கு இரண்டு வார விடுமுறை தொடங்கும், வாடகை ஏறும். அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பார்கள். அதற்கு முந்தைய நாள் ஏழு மணி வாக்கில் மறைந்த சூரியன், மறுநாள் ஆறு மணிக்கெல்லாம் போய்விடும். மாலை நடையை விரும்புகிறவர்களுக்கு இது பெரிய இழப்பு. நவம்பர் 1 பொது விடுமுறை. குடும்பங்கள் செவ்வந்திப் பூந்தொட்டிகளோடு கல்லறைக்குப் போகும் நாள் அது. அதன் பிறகு பல உணவகங்களும் படகுத் துறைகளும் குளிர்காலத்துக்கு மூடிவிடும். ஆகவே அக்டோபர் 15க்கு முன் ஊர் திரும்புகிற மாதிரி வையுங்கள்.

வீட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சமையலறையோடு வாடகைக்குக் கிடைக்கும் நாட்டுப்புற வீட்டை அங்கே ‘ழீத்’ என்பார்கள். பெரும்பாலும் சனிக்கிழமையிலிருந்து அடுத்த சனிக்கிழமை வரை தருவார்கள். பணம் கட்டும் முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். படுக்கை விரிப்பும் துண்டும் உண்டா? வெப்பமூட்டும் செலவு வாடகையில் சேர்ந்ததா? கடைசி நாள் வீட்டைச் சுத்தம் செய்வது யார்? இலையுதிர் காலத்தில் இரண்டாவது கேள்விதான் பணப்பையைத் தொடும். கல் வீடுகள் இரவில் நன்றாகக் குளிரும். சமைக்க வேண்டாம், பேச்சுத் துணை வேண்டும் என்றால் ‘ஷாம்ப்ர தோத்’ இருக்கிறது. குடும்பம் வாழும் வீட்டிலேயே அறை தருவார்கள். சட்டப்படி ஐந்து அறைக்கு மேல் விடக்கூடாது, காலை உணவு வாடகையிலேயே அடங்கும். பாதி வாரம் இதில், மீதி அதில் என்று பிரிக்காதீர்கள். இடம் மாற்றுவதில் ஒரு நாள் முழுதும் கரைந்துவிடும்.

போய்ச் சேருவது எளிது. பாரிஸ் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து போர்தோவுக்கு அதிவேக ரயில் உண்டு. 2017இல் புதிய பாதை வந்தபின் வேகமான வண்டிகளுக்கு இரண்டு மணி நேரம் கொஞ்சம் கூடுதலாக ஆகிறது. போர்தோவிலிருந்து சர்லா வரை உள்ளூர் ரயிலும் இருக்கிறது, ஆனால் கிராமங்களுக்கு இடையே பேருந்து மிகக் குறைவு. எனவே போர்தோ நிலையத்திலேயே கார் எடுத்துக்கொள்ளுங்கள். கியர் வண்டிதான் வழக்கம். ஆட்டோமேட்டிக் வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். நம் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்கட்டும். சாலையின் வலப்பக்கம் ஓட்டுவது ஒரு நாளில் பழகிவிடும். பழகாதது வேறொன்று. அடையாளப் பலகை இல்லாத சந்திப்பில், வலப்பக்கச் சிறு தெருவிலிருந்து வருகிற வண்டிக்கே முன்னுரிமை. கிராமத்துக்குள் இதை நினைவில் வைத்து மெதுவாக ஓட்டுங்கள். ஊர்ப் பெயர்ப் பலகையைத் தாண்டியதும் வேக வரம்பு 50 கிலோமீட்டர். வேறு பலகை வைக்கத் தேவையில்லை, அந்தப் பெயர்தான் அறிவிப்பு.

இனி மிக முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பிரெஞ்சு கிராமத்துக்கு ஒரு நேர ஒழுங்கு உண்டு. அதற்குள் நாம் நுழைந்துகொண்டால் எல்லாம் இனிதாக நடக்கும். மதியச் சாப்பாடு 12 முதல் 2 மணிக்குள். 2:15க்குப் போனால் அடுப்பை அணைத்திருப்பார்கள், எவ்வளவு கெஞ்சினாலும் பயனில்லை. கடைகளும் அந்த நேரத்தில் பூட்டியிருக்கும். ஞாயிறு பிற்பகலும் திங்களும் பல கதவுகள் திறக்காது. ரொட்டிக் கடைக்கும் வாரத்தில் ஒரு நாள் விடுப்பு. எது என்று முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். சர்லாவில் புதனும் சனியும் காலைச் சந்தை. வாரத்தின் திட்டத்தை இந்த இரண்டு நாட்களைச் சுற்றி அமைத்தால் போதும். எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் முதலில் ‘போன்ஜூர்’. அதைச் சொல்லாமல் விலை கேட்பது அங்கே மரியாதைக் குறைவு.

சாப்பாட்டில் சைவக்காரர்கள் கவனமாக இருக்க வேண்டும். பெரிகோர், வாத்தும் வாத்துக் கொழுப்பும் ஆளும் நாடு. தட்டில் சாதாரணமாகத் தெரியும் சர்லா உருளைக்கிழங்கு வறுவலே வாத்துக் கொழுப்பில் வதக்கியதுதான். கேட்காமல் வாங்காதீர்கள். ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும் அக்ரூட்டும் சேர்த்த சாலட் எங்கும் கிடைக்கும். சந்தையில் அக்ரூட் எண்ணெய், கஷ்கொட்டை, காளான், பூசணி எல்லாம் அந்தப் பருவத்தில் குவிந்திருக்கும். சமையலறை உள்ள வீட்டை நான் வலியுறுத்துவது இதற்காகவும்தான். பாரிஸில் ஒரு நாள் இருந்தால், வட ரயில் நிலையத்தின் பின்னால் லா ஷப்பல் பகுதியில் ஈழத்தமிழர் கடைகளில் புளியும் மிளகாய்த் தூளும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு ரயில் ஏறுங்கள். பெரிகோர் பூசணியில் வைக்கும் புளிக்குழம்பு அபாரமாக இருக்கும்.

பார்க்க வேண்டியவற்றில் குகைகளுக்குத்தான் முதலிடம். லாஸ்கோ குகை ஓவியங்களை 1940 செப்டம்பர் 12 அன்று விடலைப் பையன்கள் கண்டெடுத்தார்கள். 1948இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். திரண்டு வந்த கூட்டத்தின் மூச்சுக்காற்றிலும் ஈரத்திலும் சுவரில் பாசி படர்ந்தது, 1963இல் நிரந்தரமாக மூடினார்கள். இன்று நாம் பார்ப்பது மோந்திஞாக்கில் 2016இல் திறந்த முழு அளவு நகல். மிக நேர்த்தியான வேலை, தவறவிடாதீர்கள். ஆனால் அசல் வண்ண ஓவியத்தின் முன்னால் நிற்க வேண்டுமென்றால் லெ ஸெஸி அருகே இருக்கும் ஃபோன் த கோம் குகைக்குப் போக வேண்டும். லாஸ்கோவின் பாடத்தால் அங்கே ஒரு நாளைக்குக் கொஞ்சம் பேரை மட்டுமே, சிறு குழுக்களாக உள்ளே விடுகிறார்கள். அவசரப் பட்டியலோடு வருகிறவருக்கு அந்தச் சீட்டு அகப்படாது. ஏழு நாள் கையில் இருப்பவருக்கு ஏதாவது ஒரு காலை அமைந்துவிடும். ஒரே இடத்தில் தங்குவதன் உண்மையான பலன் இதுதான்.

காட்டில் நடக்கும்போது பளிச்சென்ற நிறத்தில் உடுத்துங்கள், வேட்டைப் பருவம் தொடங்கியிருக்கும். வேட்டை நடப்பதாகப் பலகை கண்டால் வேறு பாதையில் போங்கள். காளானைக் கண்டபடி பறிக்காதீர்கள். காட்டுக்கு உரிமையாளர் இருப்பார், நஞ்சுக் காளானும் இருக்கும்.

கடைசியாக, வேலைகளின் வரிசை. முதலில் வீடு, பிறகு விமானம், ரயில், கார், அப்புறம் குகைச் சீட்டு. ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். அக்டோபர் பயணத்துக்கு ஏப்ரலில் உட்கார்ந்தால் பதற்றமே இல்லை. இவ்வளவையும் முன்பே முடித்து வைத்தால், அங்கே போனபின் காலையில் நீங்கள் முடிவு செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: இன்று ஆற்றின் எந்தக் கரைக்குப் போவது?