தடுப்பூசிக்கு யார் விலை பேசுவது?

பெருந்தொற்றுக் காலத்தில் தடுப்பூசியை வாங்கும் பொறுப்பு யாரிடம் இருக்கிறது என்பதைப் பொறுத்தே அதன் விலையும், அது ஊர்களுக்கு வந்து சேரும் நாளும், யாருக்கு முதலில் கிடைக்கும் என்பதும் அமைகின்றன. பல அரசுகள் தத்தம் தேவையைத் தொகுத்து, ஓர் அமைப்பின் வழியே விலை பேசி ஒப்பந்தம் செய்து, வந்த சரக்கைப் பங்கிட்டுக்கொள்வது கூட்டுக் கொள்முதல் எனப்படும். கொரோனாவின் இரண்டாம் அலை உச்சத்தில் இருந்த 2021 மே மாதத்தில் இந்தியா அம்முறையிலிருந்து பாதி விலகியது. ஏறத்தாழ ஏழு வாரங்களில் திரும்பவும் வந்தது.

ஒரே மருந்து, மூன்று விலை

அவ்வாண்டு ஜனவரி 16 அன்று தடுப்பூசித் திட்டம் தொடங்கியது முதல் ஏப்ரல் இறுதி வரை ஒன்றிய அரசே மருந்தை வாங்கி மாநிலங்களுக்கு இலவசமாக வழங்கிவந்தது. மே 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய கொள்கைப்படி, உற்பத்தியில் பாதி ஒன்றிய அரசுக்கும், மறுபாதி மாநிலங்களுக்கும் தனியார் மருத்துவமனைகளுக்கும் ஒதுக்கப்பட்டு, 18 முதல் 44 வயது வரையுள்ளோருக்கான ஊசியை மாநிலங்கள் தம் பணத்தில் வாங்க நேர்ந்தது. ஒரு தவணை கோவிஷீல்டு ஒன்றிய அரசுக்கு 150 ரூபாய், மாநிலங்களுக்கு 300 ரூபாய், தனியார் மருத்துவமனைகளுக்கு 600 ரூபாய் என விலை நிர்ணயிக்கப்பட்டது. கோவாக்சினுக்கு மாநிலங்கள் 400 ரூபாய் கொடுத்தன. எந்த மாநிலத்துக்கு எத்தனை தவணை என்பதை ஒன்றிய அரசே வரையறுத்ததால், மாநிலங்களின் தலையில் விலைச் சுமை ஏறியதே ஒழிய, கூடுதலாகக் கேட்டு விலையைக் குறைக்கும் வலிமை அவற்றுக்குக் கிட்டவில்லை.

திருவண்ணாமலை மாவட்டத்துப் பட்டு நெசவு நகரமான ஆரணியில் இந்த விலைகளை வைத்துப் பார்த்தால் அவற்றின் கனம் விளங்கும். தனியார் மருத்துவமனைகள் கோவிஷீல்டுக்கு அதிகபட்சமாக 780 ரூபாய் வாங்கலாம் என அவ்வாண்டு ஜூனில் வரையறுக்கப்பட்டது. அதன்படி, கணவனும் மனைவியும் இரண்டு தவணைகளும் போட்டுக்கொள்ள 3,120 ரூபாய் ஆகும். நாட்டின் நெசவாளர் குடும்பங்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாகவே ஈட்டுகின்றன என்று 2019-20ஆம் ஆண்டின் நான்காவது கைத்தறிக் கணக்கெடுப்பு காட்டியது. நெய்த சேலைக்குத்தான் கூலி என்னும் தொழிலில், ஊசிக்குப் பின் வரும் காய்ச்சலால் தறியில் உட்கார முடியாத நாளின் இழப்பையும் இச்செலவோடு சேர்த்தே எண்ண வேண்டும்.

வெறுமையாய் முடிந்த ஒப்பந்தப்புள்ளி

மே மாதத்தில் தமிழ்நாடு அரசு, 3.5 கோடித் தவணைகளை 90 நாட்களில் வழங்கக் கோரி, தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தின் மூலம் உலகளாவிய ஒப்பந்தப்புள்ளி கோரியது. எந்த நிறுவனமும் முன்வரவில்லை. 1994இல் தொடங்கப்பட்ட இக்கழகம், அரசு மருத்துவமனைகளின் மருந்துத் தேவையைத் தொகுத்து மொத்தமாக வாங்கியே விலையைக் குறைத்து, பிற மாநிலங்களுக்கும் முன்மாதிரியானது. அத்தகைய அமைப்பே வெறுங்கையோடு நின்றதற்குக் காரணம் திறமைக் குறைவு அன்று. பஞ்சாபிடம் மாடர்னாவும், டெல்லியிடம் மாடர்னாவும் ஃபைசரும் ஒன்றிய அரசோடு மட்டுமே பேசுவோம் என்று கூறிவிட்டன. ஜூன் முதல் வாரத்தில் தமிழ்நாட்டில் கையிருப்பு தீர்ந்து முகாம்கள் நின்றன.

கூட்டாக வாங்குவதன் பயனை ஆரணி தன் தொழிலிலேயே அறியும். நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் கச்சாப் பட்டையும் ஜரிகையையும் மொத்தமாக வாங்கிப் பாவும் ஊடையுமாக உறுப்பினருக்குத் தருவதால், பட்டு விலை ஏறும் காலத்தில் ஒற்றைத் தறிக்காரர் சந்தையில் தனியாக நின்று பேரம் பேச வேண்டியதில்லை.

மே 31 அன்று உச்ச நீதிமன்றம், 18 முதல் 44 வயதினர் பணம் கொடுத்து ஊசி போட்டுக்கொள்ள நேரும் கொள்கையை முதல் நோக்கிலேயே தன்னிச்சையானது, பகுத்தறிவுக்கு ஒவ்வாதது எனக் குறிப்பிட்டது. ஜூன் 7 அன்று பிரதமர் அறிவித்தபடி, ஜூன் 21 முதல் 75 விழுக்காட்டை ஒன்றிய அரசே வாங்கி மாநிலங்களுக்கு இலவசமாக வழங்கலாயிற்று.

ஒரு கையின் பிழை

எனினும், வாங்கும் கை ஒன்றானால் அதன் பிழையும் எல்லாருடைய பிழையாகிவிடும் என்பதை மறைத்தல் கூடாது. அமெரிக்கா 2020 ஜூலையிலேயே 10 கோடித் தவணைகளுக்கு ஃபைசருடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. இந்தியாவின் முதல் கொள்முதல் ஆணை 2021 ஜனவரியில்தான் வந்தது, அதுவும் 1.1 கோடி கோவிஷீல்டுக்கும் 55 இலட்சம் கோவாக்சினுக்கும் மட்டுமே. மாநிலங்கள் சில தாமே வாங்க அனுமதி கோரியதற்கு இந்தப் பற்றாக்குறையே காரணம். செங்கல்பட்டில் பொதுத்துறை சார்பில் அமைக்கப்பட்ட ஒருங்கிணைந்த தடுப்பூசி வளாகமும் அப்போது உற்பத்தியின்றிக் கிடந்தது.

நாடுகளுக்கிடையிலும் இதே குறை வெளிப்பட்டது. ஏழை நாடுகளுக்கும் ஊசி கிடைக்கவென உருவான கோவாக்ஸ் என்னும் உலகக் கூட்டுக் கொள்முதல் ஏற்பாடு, 2021 இறுதிக்குள் 200 கோடித் தவணைகளை இலக்காகக் கொண்டிருந்தும், 100 கோடியைத் தொட்டது 2022 ஜனவரியில்தான். வசதியுள்ள நாடுகள் முன்னதாகவே தனித்தனியாக வாங்கிக் குவித்ததும், கோவாக்ஸ் பெரிதும் நம்பியிருந்த இந்திய ஏற்றுமதி இரண்டாம் அலையில் நின்றதும் இதற்குக் காரணங்கள். இலங்கையில் முதல் தவணை கோவிஷீல்டு போட்டுக்கொண்ட ஏறத்தாழ 6 இலட்சம் பேர், ஜப்பான் கோவாக்ஸ் வழியே மருந்து அனுப்பும் வரை இரண்டாம் தவணைக்கு மாதக்கணக்கில் காத்திருந்தனர்.

அடுத்த தொற்றுக்கு முன்

விலை பேசுவதை ஒருமுகப்படுத்த வேண்டும். வழங்குவதைப் பரவலாக்க வேண்டும். பத்துத் தவணை கொண்ட கோவிஷீல்டு குப்பியைத் திறந்தால் நான்கு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதால், எந்தத் தெருவில் எந்நேரத்தில் பத்துப் பேர் கூடுவர் என்பதை அறிந்த கிராம சுகாதாரச் செவிலியரின் முடிவுக்கு டெல்லியின் ஆணை ஈடாகாது. 2021 செப்டம்பர் 12 அன்று தமிழ்நாடு சுமார் 40,000 இடங்களில் முகாம் நடத்தி, ஒரே நாளில் 28 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு ஊசி போட்டது.

ஒன்றியமும் மாநிலங்களும் சேர்ந்து முடிவெடுக்கும் நிலையான கொள்முதல் குழு, தொற்று தொடங்கும்போதே முன்பணத்தோடு செய்யும் ஒப்பந்தம், ஒன்றுக்கு மேற்பட்ட உற்பத்தியாளர்கள், எவரும் பார்க்கக்கூடிய ஒதுக்கீட்டுப் பட்டியல் ஆகிய நான்கும் இப்போதே சட்டமாக வேண்டும். அமெரிக்கக் கண்டத்து நாடுகள் 1977இல் சுழல் நிதி ஒன்றை ஏற்படுத்தித் தடுப்பூசிகளைக் கூட்டாக வாங்கிவருவதைப் போலத் தெற்காசியாவும் செய்ய இயலும். சாவு வாசலில் நிற்கும் வேளையில் உருவாக்கும் கூட்டணியில் பேரம் பேச அவகாசம் இராது. அதனை அமைதிக் காலத்தில் கட்டிவைப்பது அரசுகள் தம் மக்களுக்குச் செய்தே தீரவேண்டிய கடமை.