மாதிரிப் பொதுப்பள்ளித் திட்டத்தில் மொழித்திட்டத்தின் இடம்

1.0 முன்னுரை

பொதுப்பள்ளி ஒன்றை மாதிரிப் பள்ளியாக உருவாக்க முற்படுவோர் கட்டடம், கணினி, ஆசிரியர் எண்ணிக்கை, நிதி ஆகியவற்றை முதலில் கணக்கிடுவர். கற்பித்தலிலும் நிருவாகத்திலும் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துதல், மேலாண்மைப் பொறுப்பைப் பெற்றோருடன் பகிர்ந்துகொள்ளுதல் என்னும் இரண்டும் இத்தகைய திட்டங்களின் அடிப்படைகள். இவ்விரண்டும் மொழியின் வழியாகவே செயற்படுவன. ஆயினும் மொழி பற்றிய வினாக்கள் திட்டத்தின் இறுதியில், வெறும் மொழிபெயர்ப்புப் பணியாக எண்ணப்படுவது உண்டு. அவை தொடக்கத்திலேயே தீர்க்கப்பட வேண்டியவை என்பதைக் கேரளத்துத் தமிழ்வழிப் பள்ளிச் சூழலைக் கொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

2.0 களம்

இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம் வட்டத்தின் தேயிலைத் தோட்டங்களிலும், பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர்ப் பகுதியிலும் தமிழ் பேசுவோர் கணிசமாக வாழ்கின்றனர். மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் அளிக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்பது 1956 இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350-அ உறுப்பின் நெறி. கேரளத்தில் தமிழ்வழிப் பாடநூல்களும் வெளியிடப்படுகின்றன. எனவே வகுப்பறை மொழிக்கு ஓர் ஏற்பாடு உண்டு. வகுப்பறைக்கு வெளியே பள்ளி பெற்றோருடன் பேசும் மொழியே ஈண்டு ஆராய்தற்குரியது.

3.0 மேலாண்மையின் மொழி

2009 ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21 ஆம் பிரிவின்படி, பள்ளி மேலாண்மைக் குழுவில் குறைந்தது நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருத்தல் வேண்டும். உறுப்பினருள் 50 விழுக்காட்டினர் பெண்கள். பள்ளியின் செயற்பாட்டையும் நிதிப் பயன்பாட்டையும் கண்காணித்தல், பள்ளி வளர்ச்சித் திட்டத்தை வகுத்துப் பரிந்துரைத்தல் ஆகியவை குழுவின் பணிகள். அவ்வாறு வகுக்கப்படும் திட்டமே அரசின் திட்டங்களுக்கும் மானியங்களுக்கும் அடிப்படையாகும் என 22 ஆம் பிரிவு கூறுகிறது.

இங்குப் ‘பரிந்துரைத்தல்’ என்னும் ஒரு சொல்லை நோக்கலாம். மலையாள அலுவல் வழக்கில் இதற்குச் ‘சுபார்ஷ’ என்பது இயல்பான சொல். இதனோடு பிறப்பால் ஒன்றுபட்ட தமிழ்ச்சொல் ‘சிபாரிசு’. இரண்டும் பாரசீக மூலத்தின. மலையாளத்திலிருந்து பெயர்ப்பவர் எளிதில் இச்சொல்லையே எடுத்துக்கொள்ளக்கூடும். ஆனால் தமிழ்ப் பேச்சுவழக்கில் ‘சிபாரிசு’ பெரும்பாலும் செல்வாக்குள்ள ஒருவரைக்கொண்டு உதவி பெறுதலைச் சுட்டும். சட்டம் தந்த பொறுப்பு, கேட்டுப்பெறும் சலுகையாகத் தோன்றிவிடுகிறது. ‘திட்டம் வகுத்து அரசின்முன் வைத்தல்’ என விரித்துரைப்பின், கையொப்பமிடும் பெற்றோர் தம் அதிகாரத்தை அறிவர்.

4.0 கருவியின் மொழி

கேரளத்தில் 2001 இல் ‘ஐ.டி. அட் ஸ்கூல்’ திட்டம் தொடங்கப்பட்டது. அது 2017 இல் ‘கைட்’ என்னும் அரசு நிறுவனமாயிற்று. 8 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்குரிய 45,000 வகுப்பறைகளை உயர்தொழில்நுட்ப வகுப்பறைகளாக்கும் பணி 2018 இல் தொடங்கியது. இம்முயற்சியில் கட்டற்ற மென்பொருள்கள் பயன்படுத்தப்பட்டமை மொழியியலார்க்கு முக்கியமானது. அவற்றின் இடைமுகத்தை வேண்டிய மொழியில் பெயர்க்க எவர் இசைவும் வேண்டா.

எனினும் சொற்களைப் பெயர்ப்பதனால் மட்டும் கருவி தமிழ் பேசாது. வருகைப் பதிவு மென்பொருள் பெற்றோர்க்கு அனுப்பும் செய்தியை எடுத்துக்கொள்ளலாம். ஆங்கில அமைப்பில் பெயருக்குரிய இடத்தை வெற்றிடமாக விட்டு, பின்னே உருபைச் சேர்த்தால் ‘முருகன் இன் வருகை’, ‘கவிதா இன் வருகை’ என்றே அமையும். ‘முருகனின்’, ‘கவிதாவின்’ என்னும் புணர்ச்சி வேறுபாட்டை அவ்வெற்றிடம் அறியாது. வினைமுற்றிலும் ‘வந்தான்’, ‘வந்தாள்’ எனப் பால் வேறுபடும். ‘மாணவர் பெயர்: கவிதா. இன்று பள்ளிக்கு வரவில்லை’ என அமைப்பின் இவ்விரு சிக்கல்களும் நீங்கும். பெயர் எழுவாய் வடிவிலேயே நிற்கிறது. ‘வரவில்லை’ என்னும் எதிர்மறை பால் காட்டுவதில்லை. இத்தகைய தீர்வைச் செய்தி வடிவமைக்கப்படும்போதே காணவேண்டும். மென்பொருள் முடிந்தபின் மொழிபெயர்ப்பாளரிடம் தரப்படும் சொற்பட்டியலில் காண இயலாது.

5.0 திட்டத்தில் சேர்க்க வேண்டுவன

2010 ஆம் ஆண்டு மாதிரி விதிகள் பள்ளி வளர்ச்சித் திட்டத்தை மூன்றாண்டுத் திட்டமாக, மூன்று ஓராண்டு உட்திட்டங்களுடன் வகுக்கச் சொல்கின்றன. முதலாண்டு உட்திட்டத்திலேயே பின்வருவன இடம்பெறுதல் நன்று:

(அ) பெற்றோர் பேசும் மொழியையும் படிக்கும் மொழியையும் தனித்தனியே கணக்கெடுத்தல். தமிழ் பேசுவோர் அனைவரும் தமிழ் படிப்பவர் எனக் கொள்ளலாகாது.

(ஆ) குழுவின் நடவடிக்கைகளில் வரும் கலைச்சொற்களுக்கு விளக்கத்துடன் கூடிய சிறு சொற்கோவை.

(இ) தீர்மானங்களை நிறைவேற்றுமுன் தமிழில் உரக்கப் படித்து, உறுப்பினர் தம் சொற்களில் திருப்பிக் கூறக் கேட்டல்.

(ஈ) இப்பணிகளுக்குரிய செலவை நிதி மதிப்பீட்டில் காட்டுதல்.

6.0 முடிவுரை

குழுவில் பெற்றோர் நான்கில் மூன்று பங்கினராக இருத்தலால் மட்டும் மேலாண்மை பகிரப்பட்டதாகாது. தம்முன் வைக்கப்படும் தீர்மானத்தைப் புரிந்து மறுக்கவும் அவர்களால் இயலும்போதே அது பகிரப்பட்டதாகும். அந்நிலையை உருவாக்குவது மொழித்திட்டத்தின் பணி. அது கணினி வாங்குவதற்கு முன்பே தொடங்கப்பட வேண்டியதாகும்.