உப்பளத்து ஊரில் ஒரு பாட்டுக்காரன்

பாட்டைப் பொழுதுபோக்கு என்று எண்ணுவோர் பலர். அதைத் தொழில் என்று ஒப்புக்கொள்வோர் சிலர். அது வியர்வை சிந்தும் உழைப்பு என்று உணர்ந்தோர் மிகச் சிலரே. திருவிழா மேடையில் வண்ண விளக்கின் கீழ் நிற்கும் பாடகனைக் கண்டு கைதட்டும் நாம், மறுநாட் காலையில் அவன் எங்கே செல்கிறான், எதை உண்கிறான், எப்படிப் பிழைக்கிறான் என்று எண்ணிப் பார்ப்பதில்லை. தாமே எழுதி, தாமே மெட்டமைத்து, தாமே பாடும் இளைஞர்கள் இன்று ஏறத்தாழ எல்லாச் சிற்றூர்களிலும் இருக்கின்றனர். அவர்களுள் ஒருவனை அருகிலிருந்து கண்டதை இங்கே எழுதுகிறேன். அவன் பெயர் வேண்டா. நம் வாசகர் பலர் வீட்டில் அவனைப் போன்ற ஒருவன் இருப்பான்.

விடியலும் சுருதியும்

தூத்துக்குடிக் கரையோரத்தில் உப்பளங்கள் சூழ்ந்த சிறிய ஊர் அது. தம்பிக்கு வயது இருபத்தாறு. தந்தை காலமாகிவிட்டார், தாய் உப்பளத் தொழிலாளி. வெயில் ஏறுமுன் பாத்தியில் இறங்க வேண்டுமென்பதால், தாய் விடியுமுன்னரே புறப்பட்டுவிடுவார். அவரை வழியனுப்பிவிட்டு மகன் பயிற்சிக்கு அமர்வான். பழைய ஆர்மோனியம் ஒன்று, கைபேசியில் ஒலிக்கும் சுருதி, இவ்விரண்டுமே அவன் கருவிகள். முதல் அரை மணி நேரம் பாட்டே கிடையாது. சட்சமத்தில் நின்று மூச்சை நீட்டுவான். பின்பு சரளி வரிசை, அதன்பின் அலங்காரம். "சுருதியில் நிற்கத் தெரியாதவன் சொல்லிலும் நிற்கமாட்டான்" என்று அவனுக்கு முதன்முதல் ஆர்மோனியம் கற்பித்த உபதேசியார் கூறுவாராம். அண்டை வீட்டார் முதலில் முணுமுணுத்தனர். இப்பொழுது அவ்வோசை கேட்காத நாளில் உடல்நலம் இல்லையோ என்று விசாரிக்கின்றனர்.

ஒன்பது மணிக்கு அவன் விளம்பரப் பலகை அச்சிடும் கடையில் இருக்க வேண்டும். பிறந்தநாள் வாழ்த்தும் கண்ணீர் அஞ்சலியும் திருமண வரவேற்பும் கணினியில் எழுத்துக் கோப்பது அவன் வேலை. "ஃபாதர், நாள் முழுவதும் பிறருடைய மகிழ்ச்சியையும் துக்கத்தையும் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதுவும் பாட்டுக்குப் படிப்புத்தானே" என்றான் ஒரு நாள். அந்தச் சம்பளமே வீட்டு வாடகைக்கும் அரிசிக்கும் ஆதாரம். பாட்டு இன்னும் அவனுக்குச் சோறு போடவில்லை.

பாட்டு பிறக்கும் விதம்

மெட்டு பெரும்பாலும் சைக்கிளில் வரும்பொழுது தோன்றும் என்கிறான். சொல் இல்லாமல் 'தன்ன தான தன்ன' என்று தத்தகாரமாக அதைக் கைபேசியில் பதிந்துகொள்வான். இரவில் அதற்குச் சொல் தேடுவான். பல்லவி ஒரே நாளில் அமைந்துவிடும். சரணத்திற்கு ஒரு மாதம் பிடிக்கும். மெட்டின் நெடில் விழும் இடத்தில் சொல்லின் குறில் நின்றால் பாடும்போது தமிழ் சிதையும். அவ்வாறு சிதைந்தால் மெட்டை மாற்றுவானேயன்றித் தமிழை நெரிக்கமாட்டான். இந்நேர்மை நான் மிகவும் மதித்த ஒன்று.

கோவிலுக்காக எழுதும் பாடல்களை முதலில் என்னிடம் கொண்டுவருவான். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் வெளியிட்ட திருவழிபாடு பற்றிய ஏடு, அந்தந்த மக்களின் இசை மரபுக்கு உரிய மதிப்பைத் தரச் சொன்னது. பாடலின் சொற்கள் திருமறைக்கும் வழிபாட்டு நூல்களுக்கும் இசைந்திருக்க வேண்டும் என்றும் வற்புறுத்தியது. ஆகவே திருப்பலிக்குரிய பாட்டும் மேடைக்குரிய பாட்டும் ஒன்றல்ல. முன்னதில் பாடகன் மறைந்து மக்கள் குரல் எழ வேண்டும். சபையோர் சேர்ந்து பாட இயலாத உயர்ந்த சுருதியில் அவன் அமைத்த பாட்டை, ஒன்றரைக் கட்டை இறக்கி வரச் சொல்லியிருக்கிறேன். முகம் வாடினாலும் இறக்கி வந்தான். இன்று அதைக் கிழவிகளும் பாடுகின்றனர்.

இரவுக் கச்சேரி

திருவிழாக் காலத்தில் மெல்லிசைக் குழு ஒன்றில் பாடச் செல்வான். கீபோர்டு, பேட், தபேலா, கிட்டார் எனக் குழுவில் பத்துப் பேர். வேனில் இருக்கை எட்டு. ஓர் இரவுக்கு அவனுக்குக் கிடைப்பது ஆயிரம் ரூபாய் அளவில். கூட்டம் கேட்பது திரைப்பாடல்களையே. இரவு ஒரு மணிக்கு மேல், கூட்டம் கலையத் தொடங்கும் வேளையில், தன் பாட்டு ஒன்றைப் பாட அவனுக்கு இடம் கிடைக்கும். மேடையின் முன் படுத்துறங்கும் பிள்ளைகளே அப்பொழுது அவனுடைய அவையினர்!

தவக்காலத்தில் நம் கோவில் மேடைகள் அடங்கிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் எந்த மேடையும் இராது. உப்பளத்திலும் வேலை இராது. தாயும் மகனும் ஒருசேர வருவாய் இழக்கும் மாதங்கள் அவை. அவன் சிறந்த பாடல்கள் அம்மழை மாதங்களில் எழுதப்பட்டவை.

முன்னோர் காட்டிய வழி

பிழைப்பு வேறு, பாட்டு வேறு என்று வாழ்வது இழுக்கா? 1826இல் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த மாயூரம் வேதநாயகம் பிள்ளையை நினைத்துப் பாருங்கள். பகலில் முன்சீப்பாக நீதிமன்றத்தில் வழக்குக் கேட்டவர் அவர். அவரே சர்வ சமய சமரசக் கீர்த்தனைகளைப் பாடியவர். 1879இல் 'பிரதாப முதலியார் சரித்திரம்' என்னும் முதல் தமிழ்ப் புதினத்தையும் தந்தவர். அவருடைய அலுவல் அவர் பாட்டைக் கெடுக்கவில்லை.

பாட்டையே நம்பிப் புறப்பட்டோரும் உண்டு. தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில், பாவலர் வரதராசன் தாமே பாட்டெழுதிப் பொதுவுடைமைக் கட்சி மேடைகளில் ஊர் ஊராகப் பாடினார். உடன் இசைத்துச் சென்ற தம்பியருள் ஒருவர் 1976இல் 'அன்னக்கிளி' படத்திற்கு இசையமைத்து, 2025 மார்ச் 8ஆம் நாள் இலண்டனில் தம் சிம்பொனியை அரங்கேற்றிய இளையராஜா. தம்பியின் புகழுக்குப் பின்னே அண்ணனின் சிற்றூர் மேடைகள் நிற்கின்றன. எல்லோரும் இளையராஜா ஆவதில்லை. ஆயினும் வரதராசன்கள் இன்றி எவரும் அவ்வாறு ஆவதில்லை.

ஒரு கையெழுத்தின் விலை

நம் தம்பி தன் தாயைப் பற்றி ஒரு பாட்டு எழுதினான். வெயிலில் மின்னும் வெள்ளை உப்பு கண்ணைக் கூச வைப்பதையும், உப்புநீர் பாதங்களை வெடிக்கச் செய்வதையும் சொல்லும் பாட்டு அது. கைபேசியில் பதிந்து ஊராருக்கு அனுப்பினான். சில வாரங்களில் உப்பளத்துப் பெண்கள் உப்பு வாரும்போதே அதைப் பாடத் தொடங்கினர்.

அப்பொழுது ஒலிப்பதிவு செய்வோர் ஒருவர் தேடி வந்தார். இருபதாயிரம் ரூபாய் தருவதாகச் சொல்லி, ஒரு தாளை நீட்டினார். அதே மாதத்தில் தாயின் கண்ணில் புரை முற்றியிருந்தது. பணத்தின் தேவை எத்தகையதென்று சொல்ல வேண்டியதில்லை. தம்பி அத்தாளை என்னிடம் கொண்டுவந்தான். சொல், மெட்டு, குரல் ஆகிய அனைத்தின் உரிமையும் என்றென்றைக்கும் உலகெங்கும் அவருக்கே என்று அதில் இருந்தது. பாட்டு எழுதியவர் பெயரைக் குறிப்பிடும் கடமைகூட அதில் இல்லை.

இருவரும் ஒரு வழக்கறிஞரிடம் சென்றோம். அவர் விளக்கியது இளைஞர் அனைவருக்கும் பயன்படும். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, பாட்டு எழுதப்பட்ட அப்பொழுதே உரிமை பிறந்துவிடுகிறது. பதிவு செய்தல் கட்டாயமன்று. சொல்லுக்கு ஓர் உரிமை, மெட்டுக்கு ஓர் உரிமை, பாடிய குரலுக்குத் தனி உரிமை. சொல்லுக்கும் மெட்டுக்கும் உரிய உரிமை, ஆக்கியோனின் ஆயுளுக்குப் பின்னும் 60 ஆண்டுகள் நீடிக்கும். உரிமையைப் பிறருக்கு மாற்றுவதாயின் கையெழுத்திட்ட எழுத்து வேண்டும். காலம் குறிக்கப்படாவிடில் ஐந்து ஆண்டுகள் என்றும், இடம் குறிக்கப்படாவிடில் இந்தியாவுக்குள் என்றுமே கொள்ளப்படும். 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, ஒலிப்பதிவில் இடம்பெறும் பாட்டின் வருவாயில் கவிஞனுக்கும் இசையமைத்தோனுக்கும் உரிய பங்கை அவனே விட்டுக்கொடுத்தாலும் அது செல்லாது.

"பெயர் போட வேண்டும், ஐந்து ஆண்டுகளுக்கு மட்டும், வருவாயில் பங்கு" என்று தம்பி மறுமொழி அனுப்பினான். வந்தவர் பிறகு வரவேயில்லை. அவ்விரவு அவன் வெகுநேரம் கோவில் வாயிலில் அமர்ந்திருந்தான். தாய்தான் வந்து அழைத்துச் சென்றார். "என் காலைப் பத்தி நீ எழுதினதை எவன் பேருலயோ கேக்கணுமா? கண்ணு எப்படியும் தெரியும், எந்திரி" என்றாராம். அரசு மருத்துவமனையில் கட்டணமின்றி அவருக்கு அறுவை நடந்தது. பாட்டும் அவர்கள் வீட்டிலேயே இருக்கிறது. இருபதாயிரம் ரூபாய் மட்டும் கிடைக்கவில்லை. அவன் இன்னும் விளம்பரப் பலகைக் கடையில்தான் எழுத்துக் கோக்கிறான்.

பெற்றோருக்கும் இளைஞருக்கும்

பெற்றோரே, பிள்ளை பாடுகிறான் என்றதும் அஞ்சாதீர்கள். "பாட்டு சோறு போடுமா?" என்னும் கேள்வி நியாயமானதே. ஆனால் அதைக் கேட்டுவிட்டு ஆர்மோனியத்தைப் பரண்மேல் ஏற்றிவிட வேண்டா. கைத்தொழில் ஒன்றைக் கற்கச் சொல்லுங்கள். விடியற்காலை ஒரு மணி நேரத்தை அவனுக்கு விட்டுவிடுங்கள்.

இளைஞரே, எழுதிய நாளைக் குறித்து வையுங்கள். படித்துப் பாராமல் எதிலும் கையெழுத்திடாதீர்கள். உங்கள் ஊரை எழுதுங்கள். உங்கள் ஊரின் உப்பையும் பனையையும் கடலையும் உங்களைவிட நன்கறிந்து எழுத நகரத்தில் எவரும் இல்லை.

பங்கு மக்களே, திருவிழாவுக்குக் கொட்டுக்கும் வாணவேடிக்கைக்கும் பணம் ஒதுக்குகிறோம். உள்ளூர்ப் பாட்டுக்காரனை இரவு ஒரு மணிக்கு அன்றி, எட்டு மணிக்கே ஒரு முறை மேடையேற்றிப் பாருங்கள். பிள்ளைகள் விழித்திருக்கும் வேளையில் அவன் பாடட்டும்.