ஈகையும் செங்கோலும்

வறியவனுக்குச் சோறிடுதல் சமயத்தின் கடமை என்பதை மறுப்பார் எவருமிலர். ஆனால், அவன் ஏன் வறியவனானான் என்று அரசை நோக்கி வினவுதலும் சமயத்தின் கடமையாகுமா? இவ்வினா எழுந்தவுடனே, சமயம் அரசியலிலே தலையிடலாகாது என்னும் குரலும் எழுவதைக் காண்கிறோம். அக்குரலுக்கு விடையாக நான் எடுத்துக்காட்ட விரும்புவது, 1990களிலே பிரித்தானியாவில் முளைத்து உலகெங்கும் கிளைபரப்பிய 'யூபிலி 2000' என்னும் இயக்கத்தின் வரலாற்றையே.

1970களிலே மேனாட்டு வங்கிகளும் அரசுகளும் ஏழை நாடுகளுக்குத் தாராளமாகக் கடன் வழங்கின. அடுத்துவந்த ஆண்டுகளிலே வட்டி உயர்ந்தது. கோப்பி, செம்பு முதலியவற்றின் விலையோ வீழ்ந்தது. வாங்கிய ஆட்சியாளர் மறைந்தபின்னும் கடன் மறையவில்லை. பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் செல்லவேண்டிய பணம் வட்டியாகச் சென்றது. பிள்ளைகளைப் பட்டினியிட்டுத்தான் கடனிறுக்க வேண்டுமா என்று தன்சானியத் தலைவர் ஜூலியஸ் நைரேரே கேட்டார்.

அக்கேள்விக்குப் பழைய நூலொன்றிலே விடை கண்டவர், கீல் பல்கலைக்கழகத்திலே அரசியல் கற்பித்த மாட்டின் டென்ற் என்பார். ஐம்பதாண்டுக்கொருமுறை அடிமைகள் விடுதலை பெறவும், இழந்த நிலம் உரியவரிடம் மீளவும் வேண்டுமென்று லேவியராகமத்தின் 25ஆம் அதிகாரம் விதிக்கின்றது. அதுவே யூபிலி ஆண்டு. அது தருமம் செய்க என்னும் அறிவுரையன்று. ஒரு சமுதாயம் முழுவதையும் கட்டுப்படுத்தும் சட்டம். கிறிஸ்து பிறந்து இரண்டாயிரம் ஆண்டுகள் நிறைவுறுங் காலத்தை அத்தகைய யூபிலியாக்கி, செலுத்தவியலாக் கடன்களை நீக்குதல் வேண்டுமென்று டென்றும், ஓய்வுபெற்ற இராசதந்திரியான பில் பீற்றர்ஸ் என்பாரும் எடுத்துரைத்தனர். திருச்சபைகளும் கிறிஸ்தவ உதவி நிறுவனங்களும் அதனை ஏற்றன. பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பரும் 1994இலே இக்கருத்தை வலியுறுத்தியிருந்தார்.

1998 மே 16ஆம் நாள், செல்வ நாடுகள் எட்டின் தலைவர்கள் மாநாடு கூடிய பேர்மிங்ஹாம் நகரிலே ஏறத்தாழ 70,000 மக்கள் கைகோத்து மனிதச் சங்கிலியாக நின்றனர். தலைவர்கள் அன்று நகருக்கு வெளியேயுள்ள மாளிகையொன்றிற்குச் சென்றிருந்தனர். ஆயினும் பிரதமர் ரொனி பிளேயர் மறுமொழி கூறவேண்டியவரானார். மறு ஆண்டு ஜூனிலே ஜெர்மனியின் கொலோன் நகரிற் கூடிய மாநாட்டிலே கடன் நீக்கம் விரிவாக்கப்பட்டது. இக்கோரிக்கைக்காக உலகெங்கும் திரட்டப்பட்ட கையொப்பங்கள் 2 கோடியே 40 இலட்சம் ஆகும்.

பயன் யாது? 1996இலே தொடங்கி 1999இலே விரிவாக்கப்பட்ட கடன் நிவாரணத் திட்டத்தின்கீழ் இதுவரை 37 நாடுகள் முழு நிவாரணம் பெற்றுள்ளன. உகண்டா 1997இலே ஆரம்பக் கல்விக் கட்டணத்தை நீக்கியபோது, மாணவர் தொகை ஏறத்தாழ 30 இலட்சத்திலிருந்து ஓராண்டினுள் 50 இலட்சத்தைக் கடந்தது. 1998இலே அந்நாடு பெற்ற கடன் நிவாரணம், அப்பிள்ளைகளுக்கு வகுப்பறையும் ஆசிரியரும் அளிப்பதற்குத் துணையாயிற்று. எத்தனை அன்னசத்திரங்கள் சேர்ந்தாலும் இதனைச் செய்திருக்க இயலுமோ?

வள்ளுவர் ஈகையை அறத்துப்பாலிலே இல்லறத்தானுக்கு வைத்தார். செங்கோன்மையைப் பொருட்பாலிலே அரசனுக்கு வைத்தார். இரண்டும் வேண்டும் என்பதே அவ்வைப்பு முறையிலே நான் காணும் பொருள். ஈகையாற் செங்கோலின் குறையை நிரப்பிவிடலாமென்று எண்ணுவது, ஓட்டைக் கூரையை வேயாது ஒழுக்கு விழுமிடந்தோறும் பாத்திரம் வைப்பது போன்றது.

இவ்வியக்கம் முழுவெற்றி கண்டதென்று நான் கூறவில்லை. நிவாரணம் பெற வந்த நாடுகள்மீது கடுமையான நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. சாம்பியாவின் பழங்கடனொன்றை ஏறத்தாழ 33 இலட்சம் டொலருக்கு வாங்கிய நிறுவனமொன்று வழக்காடி, 2007இலே 1½ கோடி டொலருக்கு மேற்பட்ட தொகைக்குத் தீர்ப்புப் பெற்றது. அத்தகைய கொள்ளையைத் தடுக்கப் பிரித்தானியப் பாராளுமன்றம் 2010இலே சட்டமியற்றியது. இரக்கம் நிலைபெற வேண்டுமாயின் அது சட்டமாதல் வேண்டும் என்பதற்கு இதுவும் சான்று. அதே சாம்பியா 2020இலே மீண்டும் கடன் செலுத்த இயலாதாயிற்று.

2022 ஏப்ரல் 12ஆம் நாள் நமது இலங்கையும் அவ்வரிசையிற் சேர்ந்தது. மறு ஆண்டு உள்நாட்டுக் கடன் மறுசீரமைக்கப்பட்டபோது, சுமையின் ஒரு பங்கு ஊழியர் சேமலாப நிதியின் மேல் ஏற்றப்பட்டது. முதுமைக்கென்று தொழிலாளி சேர்த்துவைத்த பணம் அது. அப்பங்கீடு நீதியானதா என்று கேட்கும் உரிமை பொருளியலாளருக்கு மட்டும் உரியதன்று. கோயிலும் விகாரையும் தேவாலயமும் பள்ளிவாசலும் பசித்தோர்க்கு வழங்கும் அன்னத்தை நான் வணங்குகின்றேன். அவ்வன்னத்தை அளிக்குங் கைகளே, பசிக்குக் காரணமான கணக்கேட்டையும் விரித்துக் காட்டுமாறு அரசைக் கேட்டல் வேண்டும்.