கதவை மூடினார்கள், தரத்தைக் குறைக்கவில்லை!

பெங்களூருக்குப் போகிறவர்கள் இரண்டு காரியங்களைச் செய்யாமல் திரும்புவதில்லை. ஒன்று, லால்பாக் பூங்காவைச் சுற்றிப் பார்ப்பது. மற்றொன்று, அந்தப் பூங்காவுக்குப் பக்கத்தில் உள்ள பழைய ஓட்டலில் ரவா இட்லி சாப்பிடுவது.

அந்த ஓட்டலின் பெயர் மாவள்ளி டிபன் ரூம். ஊரார் சுருக்கமாக "எம்.டி.ஆர்." என்பார்கள். 1924-ம் ஆண்டில் தொடங்கிய ஓட்டல் அது. நூறு வயதைத் தாண்டிவிட்டது!

ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே போய்ப் பாருங்கள். வாசலில் ஒரே கூட்டம். பெயரைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பெயர் கூப்பிட்டால்தான் உள்ளே இடம்.

அப்படி என்னதான் இருக்கிறது அந்த ஓட்டலில்?

காத்திருக்கும் கூட்டம்

காத்திருப்பது எல்லோருக்கும் பிடித்த காரியம் அல்ல. குழந்தை பசியில் அழும். தாத்தாவுக்குக் கால் வலிக்கும். "இந்த நேரத்துக்கு வீட்டிலேயே நாலு ஈடு இட்லி வார்த்திருப்பேன்!" என்று முணுமுணுக்கும் பாட்டிகளும் உண்டு.

ஒரு வழியாகப் பெயர் கூப்பிடுகிறார்கள். உள்ளே போனால் தனி மேஜை கிடைக்கும் என்பது நிச்சயம் இல்லை. முன்பின் தெரியாதவர் எதிரே உட்கார்ந்து தோசை சாப்பிட்டுக்கொண்டிருப்பார்.

பலகாரம் வருகிறது. ரவா இட்லியின் தலையில் ஒரு முந்திரிப் பருப்பு. பக்கத்தில் உருளைக்கிழங்கு சாகு, சட்னி. சின்னக் கிண்ணத்தில் உருக்கிய நெய். நெய்யை இட்லியின் மேல் ஊற்றி ஒரு வாய் போட்டதும் பாட்டியின் முணுமுணுப்பு நின்றுவிடுகிறது!

மசால் தோசைக்கும் நெய்க் கிண்ணம் உண்டு. கடைசியில் காப்பி. வெள்ளி டம்ளரில் காப்பி கொடுப்பது இந்த ஓட்டலின் பழைய பெருமைகளில் ஒன்று.

ஆனால் எல்லோரும் திருப்தியோடு எழுந்திருக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. "சாம்பார் தித்திக்கிறதே!" என்பது தமிழ்நாட்டில் இருந்து போகிறவர்கள் சொல்லும் முதல் குறை. அந்தப் பக்கத்துச் சமையலில் சாம்பாருக்கு ஒரு துண்டு வெல்லம் போடுவது வழக்கம். நம் நாக்குக்கு அது புதிது. "சாவகாசமாக உட்கார்ந்து பேச முடியவில்லை, அடுத்த கூட்டம் காத்திருக்கிறது" என்பது இன்னொரு குறை. "விலை கொஞ்சம் அதிகம்" என்பது மூன்றாவது குறை.

இந்த மூன்றாவது குறைக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. விலையைக் குறைக்கச் சொன்னதால் இந்த ஓட்டல் ஒரு தடவை மூடப்பட்டது என்றால் நம்புவீர்களா?

கரண்டி பிடித்த கைகள்

உடுப்பிக்கு அருகே கோட்டா என்ற ஊரின் பக்கத்தில் பாரம்பள்ளி என்று ஒரு சிற்றூர். அங்கே இருந்து பிழைப்புத் தேடிப் பெங்களூருக்கு வந்தார்கள் மையா சகோதரர்கள். கையில் பணம் இல்லை. ஆனால் சமையல் தெரியும். வசதி உள்ளவர்களின் வீடுகளில் சமையல் வேலைக்குச் சேர்ந்தார்கள்.

சொந்தமாக ஓட்டல் வைத்தால் என்ன என்ற எண்ணம் வந்தது. 1924-ல் சின்ன அளவில் ஒரு கடை தொடங்கினார்கள். இட்லியும் காப்பியும்தான் முக்கியச் சரக்கு.

உடுப்பிப் பக்கத்தில் இருந்து இப்படிக் கிளம்பியவர்கள் பலர். சென்னையில் உட்லண்ட்ஸ் ஓட்டலைத் தொடங்கிய கே. கிருஷ்ண ராவும் அந்தப் பக்கத்துக்காரரே. முதலாளியாகப் பிறந்தவர்கள் இல்லை இவர்கள். மாவாட்டி, பாத்திரம் கழுவி, அடுப்படியில் நின்று தொழில் கற்றவர்கள்.

மையா சகோதரர்கள் முதலில் வைத்த பெயர் "பிராமின் காப்பி கிளப்". ஓட்டல் பலகையில் சாதிப் பெயரை எழுதுவது அந்தக் காலத்தில் பல ஊர்களிலும் வழக்கம். யார் சமைக்கிறார்கள், யார் பக்கத்தில் உட்காருகிறார்கள் என்று பார்த்துப் பார்த்துச் சாப்பிட்ட காலம் அது. சென்னையில் அப்படி ஒரு பெயர்ப் பலகையை எதிர்த்துப் பெரியார் 1957-ல் போராட்டமே நடத்தினார். பெங்களூர் ஓட்டலின் பழைய பெயரும் பிற்காலத்தில் போயிற்று. மாவள்ளி என்ற பேட்டையின் பெயரே ஓட்டலுக்கு நிலைத்தது. இன்று ஒரே மேஜையில் நாலு ஊர்க்காரர்கள் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். யாரும் யாரையும் எந்தச் சாதி என்று கேட்பதில்லை.

அரிசி கிடைக்காத நாளில்

ரவா இட்லி பிறந்த கதை சுவையானது.

இரண்டாவது உலகப் போர் நடந்த சமயம். பர்மாவில் இருந்து நம் நாட்டுக்குக் கப்பல் கப்பலாக அரிசி வந்துகொண்டிருந்தது. 1942-ல் ஜப்பான் பர்மாவைப் பிடித்தது. அரிசிக் கப்பல் நின்றது. எங்கும் அரிசித் தட்டுப்பாடு. வீட்டுக்கே அரிசி இல்லாதபொழுது, ஓட்டலில் இட்லிக்கு எங்கே போவது?

இட்லி இல்லை என்று பலகை மாட்டிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். மாவள்ளி ஓட்டலார் அப்படிச் செய்யவில்லை. அரிசிக்குப் பதிலாக ரவையைப் போட்டுப் பார்த்தார்கள். அதில் பிறந்ததுதான் ரவா இட்லி என்கிறது அந்த ஓட்டலின் வரலாறு.

செய்முறை ரொம்பச் சுலபம். ரவையை நெய்யில் வறுக்க வேண்டும். கடுகு, பச்சை மிளகாய், இஞ்சி, கொத்தமல்லி தாளித்துச் சேர்க்க வேண்டும். தயிர் விட்டுக் கலக்கிச் சிறிது நேரம் ஊற வைக்க வேண்டும். கடைசியில் கொஞ்சம் சோடா உப்புச் சேர்த்து, ஆவியில் வேக வைக்க வேண்டும்.

அரிசியும் உளுந்தும் அரைத்த மாவு இரவெல்லாம் புளித்தால்தான் இட்லி பூப்போல வரும். ரவா இட்லிக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. தயிரின் புளிப்போடு சோடா உப்புச் சேர்ந்ததும் மாவு நுரைத்துப் பொங்கும். அதுவே இட்லியை மெதுவாக்கும்.

பஞ்சத்துக்குச் செய்த பலகாரம், பஞ்சம் போன பிறகும் நிலைத்துவிட்டது. இன்று ரவா இட்லி செய்யாத வீடு உண்டா?

கடல் தாண்டிக் கற்ற பாடம்

சகோதரர்களில் ஒருவர் யக்ஞநாராயண மையா. 1951-ல் அவர் ஐரோப்பாவுக்குப் போனார். ஊர் சுற்றிப் பார்ப்பது மாத்திரம் அவருடைய நோக்கம் இல்லை. அங்கே உள்ள ஓட்டல்கள் எப்படி நடக்கின்றன என்று கவனித்தார்.

அவரைக் கவர்ந்தது அந்த ஊர்ச் சாப்பாடு அல்ல, சுத்தம்! சமையலறை எப்படி இருக்கிறது, பாத்திரங்களை எப்படிக் கழுவுகிறார்கள் என்று பார்த்தார். ஊருக்குத் திரும்பியதும் அதே ஒழுங்கைத் தம் ஓட்டலில் கொண்டுவந்தார். தட்டும் டம்ளரும் கிருமி போகும்படி சூடாகச் சுத்தம் செய்யப்பட்டன. சாப்பிட வருகிறவர்கள் சமையலறையைப் பார்க்கலாம் என்ற வழக்கமும் இந்த ஓட்டலில் ஏற்பட்டது.

யோசித்துப் பாருங்கள். எத்தனை ஓட்டல்கள் தங்கள் சமையலறையைக் காட்டத் துணியும்? முன்புறம் பளபளப்பான மேஜை. பின்புறம் கரி படிந்த சுவரும் ஈ மொய்க்கும் தொட்டியும்! இப்படிப்பட்ட ஓட்டல்களை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம்.

1960-ல் ஓட்டல் லால்பாக் சாலைக்கு இடம் மாறியது. அதே இடத்தில்தான் இன்றும் கூட்டம் காத்திருக்கிறது.

வாசலில் நஷ்டக் கணக்கு

1975 ஜூன் மாதம் நாட்டில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. விலைவாசியைக் குறைக்க வேண்டும் என்று அரசாங்கம் பல கட்டுப்பாடுகளைக் கொண்டுவந்தது. ஓட்டல் பலகாரங்களையும் மிகக் குறைந்த விலைக்குத்தான் விற்க வேண்டும் என்று உத்தரவு வந்தது.

சாப்பிடுகிறவர்களுக்குச் சந்தோஷம்தான். யாருக்குத்தான் மலிவு பிடிக்காது? ஆனால் ஓட்டல்காரரின் நிலை என்ன? நெய்யின் விலை இறங்கவில்லை. காப்பிக் கொட்டையின் விலை இறங்கவில்லை. பருப்பும் முந்திரியும் பழைய விலைதான். தோசையின் விலை மாத்திரம் இறங்க வேண்டும்!

இந்த மாதிரிச் சமயத்தில் கள்ள வழி பல உண்டு. நெய்க்குப் பதிலாக வனஸ்பதி ஊற்றலாம். காப்பியில் சிக்கரியைக் கூட்டலாம். சாம்பாரில் ஒரு குடம் தண்ணீர் சேர்க்கலாம். இட்லியைச் சின்னதாக்கலாம். பில்லில் விலை சரியாக இருக்கும். உத்தரவை மீறியதாக யாரும் சொல்ல முடியாது. ஏமாறுவது சாப்பிடுகிறவரின் வயிறுதான்.

மாவள்ளி ஓட்டலார் அந்த வழியில் போகவில்லை. உத்தரவுப்படி விலையைக் குறைத்தார்கள், சரக்கைக் குறைக்கவில்லை. தினமும் நஷ்டம். அன்றன்று எவ்வளவு நஷ்டம் என்று வாசலில் எழுதி வைத்தார்கள் என்று இன்றும் அந்த ஊரில் சொல்வார்கள்.

எத்தனை நாள் தாங்கும்? கடைசியில் ஓட்டலை மூடினார்கள்.

மூடிய கதவு திறந்தது

ஓட்டலை மூடினால் முதலாளி எப்படியாவது சமாளித்துக்கொள்வார். மாவாட்டியவர், பரிமாறியவர், பாத்திரம் கழுவியவர் கதி என்ன? அவர்களை நம்பி எத்தனை குடும்பங்கள்!

அதற்கும் ஒரு வழி கண்டார்கள். சமைத்த பலகாரத்தைத்தானே குறைந்த விலைக்கு விற்க வேண்டும்? சமைக்காத பண்டத்தைப் பொட்டலம் கட்டி விற்கலாமே! ரவா இட்லி மாவையும் பொடி வகைகளையும் பொட்டலம் கட்டி விற்றார்கள். வேலையாட்களுக்கு வேலை கிடைத்தது. வீட்டுப் பெண்களுக்குச் சுமை குறைந்தது. வேண்டாத விருந்தாளியாக வந்த நஷ்டம், புதிய தொழிலுக்கு வழி காட்டியது.

1984-ல் ஓட்டல் மறுபடியும் திறந்தது. பழைய ருசி தேடிப் பழைய ஆட்கள் வந்தார்கள்.

பொட்டலத் தொழில் ஓட்டலைக் காட்டிலும் பெரிதாக வளர்ந்தது. 2007-ல் நார்வே நாட்டைச் சேர்ந்த ஆர்க்லா கம்பெனி அதை வாங்கியது. கடைகளில் எம்.டி.ஆர். என்ற பெயரில் விற்கும் பொட்டலங்கள் அந்தக் கம்பெனியுடையவை. ஓட்டலை மாத்திரம் குடும்பத்தார் கைவிடவில்லை. மையா குடும்பத்தின் இளைய தலைமுறை இப்போது அதை நடத்துகிறது. சிங்கப்பூரிலும் துபாயிலும்கூடக் கிளைகள் திறந்திருக்கிறார்கள்.

குறையும் நிறையும்

இதையெல்லாம் கேட்டுவிட்டு, அந்த ஓட்டலில் குறையே கிடையாது என்று நினைக்க வேண்டாம். பெரிய பெயர் வாங்கிய ஓட்டலுக்குப் பெரிய தொல்லையும் உண்டு. முதல் தடவை வருகிறவர் மலையளவு எதிர்பார்ப்போடு வருவார். பசியோடு ஒரு மணி நேரம் நின்றவருக்குத் தோசை சற்று ஆறி வந்தாலும் கோபம் வரும். அது நியாயமான கோபம்தான். தாத்தா காலத்தில் அரிசிக்கு மாற்றுக் கண்டார்கள் என்பதற்காகப் பேரன் காலத்தில் ஆறிய தோசையை யாரும் பாராட்ட மாட்டார்கள். ஓட்டலின் பெயர் அன்றன்றைக்குச் சம்பாதிக்க வேண்டிய பெயர்.

குடும்பத்தோடு போகிறவர்கள் சில விஷயங்களைக் கவனித்தால் அலுப்பு இருக்காது. விடுமுறை நாளைத் தவிர்ப்பது நல்லது. குழந்தைகளுக்கு முன்னதாகவே பாலோ பிஸ்கட்டோ கொடுத்துவிட வேண்டும். சாம்பார் தித்தித்தால், சட்னி இருக்கவே இருக்கிறது! குறை தோன்றினால் ஊருக்கெல்லாம் சொல்வதற்கு முன் கல்லாவில் இருப்பவரிடம் சொல்ல வேண்டும். நல்ல ஓட்டல்காரர் அதைக் கேட்டுத் திருத்திக்கொள்வார்.

நாம் வீட்டில் சாப்பிடும்போது யார் சமைத்தது என்று தெரியும். ஓட்டலில் அது தெரியாது. கண்ணுக்குத் தெரியாத ஒருவர் சமைத்ததை, நாம் மாத்திரம் சாப்பிடுவதில்லை. பெற்ற குழந்தைக்கும் ஊட்டுகிறோம். பில்லில் கொடுக்கும் பணம் இட்லிக்கும் காப்பிக்கும் சரியாகப் போகும். அந்த நம்பிக்கைக்கு விலை போட முடியாது.

அடுத்த தடவை உங்கள் ஊர் ஓட்டலில் மிக மலிவாகச் சாப்பாடு கிடைத்தால் சந்தோஷப்படுங்கள். அதோடு, சாம்பாரைக் கரண்டியால் ஒரு தடவை கிளறிப் பாருங்கள். அடியில் பருப்பு இருக்கிறதா?