கட்டளைவரி விளக்கநூல் வடிவங்கள்: உரைமரபு நோக்கில் ஓர் ஒப்பீடு

1. முன்னுரை

யூனிக்ஸ் வகை இயக்கமுறைகளில் ஒவ்வொரு கட்டளைக்கும் உரிய விளக்கம் அம்முறையினுள்ளேயே வைக்கப்பட்டிருக்கும். பயில்வோன் ஒரு கட்டளையின் பொருளை அறிய விரும்பின், வேறு நூலை நாட வேண்டுவதில்லை. அக்கருவியையே வினவி விடை பெறலாம். இவ்விளக்கங்கள் ஒரே வடிவின அல்ல. கட்டளை தானே தரும் சுருக்க உதவி, 'மேன்' எனப்படும் கைப்பக்கம், 'இன்ஃபோ' எனப்படும் விரிநூல் என அவை மூவகைப்படும். இம்மூன்றையும் ஒப்பிட்டு, அவற்றுள் தமிழாய்வாளனுக்கு உதவும் முறை எது, தமிழில் இவற்றை ஆக்குவோர் கொள்ள வேண்டிய நெறி யாது என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இது கணிப்பொறியாளர்க்கே உரிய பொருளன்றோ, தமிழ்த்துறை இதழில் இதற்கு இடம் யாது என வினவலாம். மதுரைத் திட்டம் 1998-ஆம் ஆண்டு தொடங்கியது முதல் பழந்தமிழ் நூல்கள் பல மின்வடிவில் கிடைக்கின்றன. சொல்லடைவு தொகுத்தலும், எழுத்தெண்ணலும், பாடம் ஒப்பிடலும் இன்று கட்டளைவரிக் கருவிகளால் நொடிப்பொழுதில் முடிகின்றன. சென்னைத் தியாகராய நகரில் தீனதயாளு தெருவின் வானதி பதிப்பகமும் தணிகாசலம் சாலையின் மணிமேகலைப் பிரசுரமும் போல்வன பல பதிப்பகங்கள் உள. அத்தகைய ஒரு பதிப்பகத்தார்க்குச் சொல்லடைவு ஆக்கித் தரும் முதுகலை மாணவன் ஒருவன், கருவியின் விளக்கத்தைப் பிழைபட உணர்ந்தால், அடைவு முழுவதும் பிழைபடும். கருவியின் விளக்கநூலைப் படித்தறிதலும் இன்று ஆய்வுமுறையின் ஒரு கூறாகி விட்டது.

2. கைப்பக்கத்தின் தோற்றமும் அமைப்பும்

யூனிக்ஸ் கையேட்டின் முதற்பதிப்பு 1971-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் நாளிட்டு வெளிவந்தது. கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி ஆகிய இருவரும் பெல் ஆய்வகத்தில் அதனை ஆக்கினர். கட்டளைகள், அமைப்பு அழைப்புகள், துணைநிரல்கள், சிறப்புக் கோப்புகள், கோப்பு வடிவங்கள், பயனர் நிரல்கள், பிற என ஏழு பிரிவுகளாக அது வகுக்கப்பட்டது. ஒவ்வொரு பிரிவினுள்ளும் பக்கங்கள் அகரவரிசையில் நின்றன. பொருள்பற்றி முதலில் வகுத்து, வகையினுள் எழுத்துப்பற்றி அடுக்கும் இம்முறை நமக்குப் புதியதன்று. திவாகரமும் சூடாமணி நிகண்டும் பன்னிரு தொகுதிகளாகச் சொற்களை வகுத்தன. வீரமாமுனிவரின் சதுரகராதி (1732) அகரவரிசையை மேற்கொண்டது. யூனிக்ஸ் கையேடு இவ்விரு முறையையும் ஒருங்கே ஆண்டது எனலாம்.

ஒவ்வொரு பக்கமும் ஒரே உறுப்பமைதி உடையது. பெயர், சுருக்க வடிவம், விளக்கம், தொடர்புடைய கோப்புகள், மேலும் காண்க, குறைகள் என்பன அவ்வுறுப்புகளுள் தலையாயவை. அவற்றுள் மூன்று நம் கவனத்திற்கு உரியன.

முதலாவது பெயர் உறுப்பு. கட்டளையின் பெயரும் அதன் பயனும் ஒரே வரியில் இதன்கண் நிற்கும். இவ்வரிகளை மட்டும் திரட்டி வைத்துத் தேடும் வசதியும் உண்டு. ஆதலின், கட்டளையின் பெயர் அறியாதானும் பயனைக் கூறும் சொல்லைக் கொண்டு அதனைக் கண்டடைய இயலும். ஒரு வரியின் வடிவைக் கண்டிப்பாக வரையறுத்ததால் விளைந்த நன்மை இது.

இரண்டாவது சுருக்க வடிவம். இது கட்டளையின் இலக்கணத்தையே ஒரு வாய்பாடாகக் கூறுவது. பகர அடைப்பினுள் நிற்பது வேண்டின் வரும், வேண்டாவிடின் ஒழியும். நேர்கோட்டால் பிரிக்கப்பட்டவற்றுள் ஒன்றே வரும். மூன்று புள்ளி தொடர்ந்தால் முன்னது பன்முறை வரலாம். இலக்கணிகள் உறழ்ச்சி என்றும் விகற்பம் என்றும் கூறுவனவற்றை இவ்வாய்பாடு குறியால் கூறுகின்றது. நூற்பாவைப் போலவே இதுவும் சொற்சுருக்கம் உடையது. பயிலாதார்க்கு மயக்கம் தருவது. பயின்றார்க்கு ஒரு நோக்கிலேயே விளங்குவது.

மூன்றாவது குறைகள் என்னும் உறுப்பு. ஆக்கியோனே தன் ஆக்கத்தின் குறையை ஆவணத்தில் பதிந்து வைக்கும் இவ்வழக்கம் முதற்பதிப்பிலேயே காணப்படுகின்றது. ஓர் ஆய்வேட்டில் ஆய்வின் எல்லையைக் கூறும் பகுதி எத்துணை இன்றியமையாததோ, அத்துணை இன்றியமையாதது இது.

கைப்பக்கத்தை எழுதும் குறிமொழியும் இருவகைப்படும். 1979-இல் ஏழாம் பதிப்புடன் வந்த 'மேன்' குறிகள் எழுத்தின் தோற்றத்தைக் கூறுவன: இதனைத் தடித்த எழுத்தில் இடுக, இதனைச் சாய்வெழுத்தில் இடுக என்பன போல்வன. 1990-ஐ ஒட்டிப் பெர்க்லி வழி முறைகளில் சிந்தியா லிவிங்ஸ்டன் அம்மையார் ஆக்கிய 'எம்டாக்' குறிகள் சொல்லின் தன்மையைக் கூறுவன: இது தெரிவு, இது கோப்பின் பெயர், இது சூழல் மாறி என்பன போல்வன. உரையாசிரியன் ஒரு சொல்லைப் பெரிதாக எழுதிக் காட்டுவதற்கும், இஃது ஆகுபெயர் என இலக்கணக்குறிப்புத் தருவதற்கும் உள்ள வேறுபாடே ஈண்டும் உள்ளது. பின்னது தேடுதற்கு உதவும். முன்னது கண்ணுக்கு மட்டுமே உதவும்.

3. விரிநூல் வடிவம்

1980-களின் இடைப்பகுதியில் ரிச்சர்டு ஸ்டால்மனும் ராபர்ட் சாசெலும் குனு திட்டத்திற்காக 'டெக்ஸ்இன்ஃபோ' என்னும் முறையை வகுத்தனர். ஒரே மூலத்திலிருந்து அச்சுநூலும், திரையில் படிக்கும் இன்ஃபோ நூலும் பெறலாம் என்பது இதன் சிறப்பு. இன்ஃபோ நூல் கணுக்களால் ஆனது. ஒவ்வொரு கணுவும் தனக்கு முன்னது, பின்னது, மேலது எவை எனக் காட்டும். உள்ளடக்கப் பட்டியலும், பொருளடைவும், பிற கணுக்களுக்குச் செல்லும் இணைப்புகளும் அதன்கண் உண்டு.

நன்னூலார் கூறிய முப்பத்திரண்டு உத்திகளுள் உரைத்தும் என்றல், உரைத்தாம் என்றல், மாட்டெறிந்தொழுகல் என்பன நூலின் ஓரிடத்தை மற்றோரிடத்தோடு பிணைக்கும் உத்திகள். கைப்பக்கத்தின் 'மேலும் காண்க' பக்கத்தின் பெயரை மட்டும் கூறி நின்று விடுகின்றது. இன்ஃபோ நூலோ, இன்ன கணுவில் உரைத்தாம் என இடத்தையே சுட்டி, அவ்விடத்திற்குப் படிப்போனைக் கொண்டுசெல்கின்றது.

ஆயினும் இவ்வடிவத்திற்கும் குறையுண்டு. இதனைப் படிக்கத் தனியாகச் சில விசைகளைப் பயில வேண்டும். ஒரு சிறு ஐயத்தைத் தீர்க்க வந்தவன் பல கணுக்களைக் கடக்க நேரும்.

4. சுருக்க உதவியும் அதன் வழிவந்த பக்கமும்

கட்டளையின் பெயரோடு உதவி வேண்டும் தெரிவைச் சேர்த்தால், அந்நிரல் தானே தன் தெரிவுகளைப் பட்டியலிட்டுக் கூறும். குனு நெறிமுறை எல்லா நிரல்களும் இதற்கு விடையிறுக்க வேண்டும் என விதித்துள்ளது. நிரலினுள்ளேயே இது உறைவதால், நிரலும் விளக்கமும் பிரிந்து போவதில்லை. மூலம் ஓரிடத்தும் உரை ஓரிடத்துமாகக் கிடந்து ஏடு தேடி அலையும் இடர்ப்பாடு இதற்கு இல்லை. ஆயினும் காரணமும் எடுத்துக்காட்டும் இதில் அரிதாகவே இடம்பெறும்.

இச்சுருக்க உதவியிலிருந்து கைப்பக்கத்தைத் தானே ஆக்கித் தரும் கருவி ஒன்றும் உண்டு. குனு அடிப்படைக் கருவிகளின் கைப்பக்கங்கள் இவ்வாறு பிறந்தவை. அதனால் அவை சுருங்கி நிற்கின்றன. முழு விளக்கம் இன்ஃபோ நூலில் உளது என இறுதியில் சுட்டியும் செல்கின்றன.

நன்னூல் உரையைக் காண்டிகை, விருத்தி என இருவகைப்படுத்தும். கருத்து, பதப்பொருள், எடுத்துக்காட்டு என்பவற்றாலும், வேண்டுமிடத்து வினாவிடையாலும் நூற்பாவை விளக்குவது காண்டிகை. உட்பொருளோடு அமையாது, அவ்விடத்திற்கு இன்றியமையாத பிறவற்றையும் விரித்துரைப்பது விருத்தி. சுருக்க உதவி நூற்பாவை ஒக்கும். கைப்பக்கம் காண்டிகையை ஒக்கும். இன்ஃபோ விருத்தியை ஒக்கும். இவ்வொப்புமை அளவு பற்றியது மட்டுமன்று, பயன் பற்றியதுமாகும். காண்டிகை இருக்க விருத்தி எதற்கு என எவரும் வினவுவதில்லை. ஒன்று மற்றொன்றன் இடத்தைக் கொள்ளாது என்பது நம் மரபு கண்ட உண்மை.

5. தமிழ்த் தரவில் ஒரு சோதனை

இவ்வேறுபாடு ஆய்வில் எவ்வாறு பயன்படும் என்பதை இரு கட்டளைகளால் காண்போம்.

முதலாவது வரிகளை அடுக்கும் 'சார்ட்' கட்டளை. இதனைக் குறியெண் வரிசையில் இயக்கினால், ஒருங்குறி அட்டவணையில் எழுத்துகள் நிற்கும் முறையே வரிசையாகும். அவ்வட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும், ளகர ழகரங்கள் வகரத்திற்கு முன்னும் நிற்கின்றன. ஆதலின் 'அனல்' என்பது 'அமைதி'க்கு முன் வந்து விடும். தமிழ் நெடுங்கணக்கிலோ னகரம் இறுதி எழுத்து. புள்ளிக்குறி அட்டவணையில் உயிர்க்குறிகளுக்கும் பிற்பட்டு நிற்பதால், 'அகம்' முன்னும் 'அக்கம்' பின்னும் வரும்; அகராதி வழக்கு இதற்கு மறுதலையானது.

இதனைக் கைப்பக்கம் கூறுகின்றதா எனின், கூறுகின்றது. சூழலில் குறிக்கப்பட்ட மொழியமைப்பு அடுக்குமுறையை மாற்றும் என்னும் எச்சரிக்கை அதன்கண் உளது. ஆனால் அஃது எச்சரிக்கை அளவில் நின்று விடுகின்றது. எந்தச் சூழல் மாறி எதனை மேற்கொள்ளும், ஒன்றை மட்டும் மாற்றினால் ஏன் பயனின்றிப் போகும் என்னும் காரணங்கள் இன்ஃபோ நூலில்தான் உள்ளன. காண்டிகையோடு நின்றவன் பிழை உண்டு என அறிவான். விருத்தியைக் கண்டவனே அதன் காரணம் அறிவான்.

இரண்டாவது எண்ணிக்கை கூறும் 'டபிள்யூசி' கட்டளை. 'தமிழ்' என்னும் சொல்லை வரிமுடிவுக் குறியின்றி இதனிடம் தந்தால், பைட்டுகளை எண்ணும் தெரிவு 15 என்னும். குறிகளை எண்ணும் தெரிவு ஒருங்குறிச் சூழலில் 5 என்னும். தகரம், மகரம், இகரக்குறி, ழகரம், புள்ளி என்பனவே அவ்வைந்து. தொல்காப்பியர் வழியில் எண்ணுவோர்க்கோ எழுத்து மூன்றே. கைப்பக்கம் இரண்டாம் தெரிவைக் 'கேரக்டர்' எண்ணிக்கை என்னும் ஒரு சொல்லால் கூறி அமைகின்றது. அச்சொல்லை 'எழுத்து' என மொழிபெயர்த்துப் படித்த மாணவன், கட்டளைக் கலித்துறையின் அடிகளை இக்கருவியால் எண்ணத் துணிவானாயின் என்னாகும்? ஒற்று நீக்கி, நேரசை முதலாகிய அடிக்கு 16, நிரையசை முதலாகிய அடிக்கு 17 என்னும் கணக்கு ஓரடியிலும் பொருந்தி வாராது. புலவரின் யாப்பு வழுவியது என்னும் பொய்ம்முடிபும் பிறக்கக் கூடும். குறை கருவியினதன்று, உரையில் ஒரு சொல் மயங்க வைக்கப்பட்டதன் விளைவே அது.

6. தமிழில் ஆக்குவோர்க்கு

தமிழில் இத்துறையில் முயற்சி இல்லாமல் இல்லை. சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் இயக்கமுறை 2007-ஆம் ஆண்டு முதல் இந்திய மொழிகளின் இடைமுகத்தோடு வெளிவரலாயிற்று. 2013-இல் தொடங்கப்பெற்ற 'டிஎல்டிஆர்' என்னும் எடுத்துக்காட்டுத் தொகுப்பில் தமிழ்ப் பக்கங்களும் உள்ளன. கட்டளைக்கு ஒரு சிறு விளக்கமும், எட்டுக்கு மேற்படாத எடுத்துக்காட்டுகளுமே அத்தொகுப்பின் வடிவம். இது காண்டிகையின் உறுப்புகளுள் காட்டினை மட்டும் தனியே எடுத்தது போன்றது. தொடங்குவோர்க்கு மிகவும் பயன்படும். எல்லை கூறாமையின் ஆய்வுக்கு இதுமட்டும் போதாது. தமிழ்க் கைப்பக்கம் எழுதுவார்க்குக் கருவியளவில் தடையில்லை: கைப்பக்கங்களை மொழிவாரியாக வைக்க முறையில் இடம் உண்டு, பயனர் தமிழைத் தேர்ந்திருப்பின் தமிழ்ப் பக்கமே முதலில் தேடப்படும்.

வேண்டுவது உரைநெறியே. பெயர் வரி ஒன்றே வரியாய், தேடுவோன் நினைக்கும் சொல்லால் அமைதல் வேண்டும். சுருக்க வடிவின் குறிகளை மாற்றுதல் கூடாது. அவை எம்மொழிக்கும் பொது. எடுத்துக்காட்டுகள் தமிழ்த் தரவிலிருந்து வருதல் வேண்டும். குறைகள் என்னும் உறுப்பில் தமிழுக்கே உரிய குறைகளும் இடம்பெறுதல் வேண்டும்; மூலத்தில் இல்லை எனினும் உரையாசிரியன் கூறலாம், கூறவும் வேண்டும். எல்லாவற்றிற்கும் மேலாக, பைட்டு, குறி, எழுத்து என்னும் மூன்றும் மூன்று சொற்களாகவே யாண்டும் நிற்றல் வேண்டும்.

7. முடிவுரை

மூவகை வடிவங்களுள் ஒன்றே சிறந்தது எனத் துணிதல் பொருந்தாது. பெயரும் வடிவும் மறந்தவனுக்குச் சுருக்க உதவி. பணியின் இடையில் ஐயுற்றவனுக்குக் கைப்பக்கம். முடிபு ஒன்றை அச்சேற்றுமுன் அதன் அடிப்படையை ஆராய்பவனுக்கு விரிநூல். ஆய்வேட்டில் எண்ணிக்கை தருவோர் எந்தக் கருவி, எந்தத் தெரிவு, எந்தச் சூழலமைப்பு எனக் குறித்தல் இனி இன்றியமையாதது. தமிழில் ஆக்கப்படும் எவ்விளக்கத்திற்கும் ஓர் எளிய அளவுகோல் உண்டு: அதனைப் படித்த மாணவன், 'தமிழ்' என்னும் சொல்லுக்கு 15, 5, 3 என்னும் மூன்று விடைகளும் எவ்வாறு பிறந்தன எனக் கூற இயலுமாயின், அவ்வுரை தன் கடமையை ஆற்றியது என்க.