பழைய லேண்ட்ரோவர்: எதற்குப் பணம் போடலாம், எதை அப்படியே விடலாம்?

தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு லேண்ட்ரோவர் என்றதும் நினைவுக்கு வருவது துரையின் வண்டிதான். காலைப் பெரட்டு நேரத்தில் செம்மண் சாலையில் அதன் சத்தம் கேட்டாலே மண்டோரும் கிராணியும் சட்டையைச் சரிசெய்துகொள்வார்கள். அந்த வண்டிகள் பழசானபோது சில இரும்புக் கடைக்குப் போயின, சில டிரைவர்கள் கைக்கும் சிறுதோட்டக்காரர்கள் கைக்கும் வந்தன.

சுங்கை காடுட் வட்டாரத்தில் பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. பிறகு செம்பனையும் பல இடங்களில் துவாங்கு ஜாபார் தொழிற்பேட்டைக்கும் வீடமைப்புப் பகுதிகளுக்கும் இடம் விட்டது. ஆனாலும் அப்பா ஓட்டிய வண்டி என்று ஒரு பழைய லேண்ட்ரோவரைத் தார்ப்பாய் போட்டுக் காப்பவர்களும், வார இறுதியில் காட்டுப் பாதைக்குப் போக ஒன்றைத் தேடி வாங்கும் இளைஞர்களும் இன்னும் இருக்கிறார்கள். வண்டி கைக்கு வந்ததும் அவர்கள் பலரும் முதலில் வாங்குவது பெரிய டயர், வின்ச், கூரைமேல் வரிசை விளக்கு. சேர்த்து வைத்த காசு அதிலேயே தீர்ந்துவிடும். செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு மழையில் நனைந்த மேட்டிலிருந்து இறங்கும்போதுதான் பிரேக் பிடிக்கவில்லை என்பது தெரியவரும்.

லேண்ட்ரோவர் முதன்முதலில் 1948 ஏப்ரல் 30-ஆம் தேதி ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் வெளிவந்தது. அதே ஆண்டு ஜூனில் மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. தோட்டத் துரைகள் சுடப்பட்ட காலம் அது. பலர் தங்கள் கார்களிலும் லேண்ட்ரோவர்களிலும் இரும்புத் தகடு பதித்துக்கொண்டார்கள். நம் தோட்டங்களில் இந்த வண்டிக்கு நடந்த முதல் ‘அப்கிரேட்’ அதுதான் என்று சொல்லலாம். அன்றைய 1.6 லிட்டர் எஞ்சின் கொடுத்தது ஏறக்குறைய 50 குதிரைத்திறன். அந்தத் தகட்டுப் பாரத்தைத் தாங்குவதற்கென்று ஸ்பிரிங்கோ பிரேக்கோ செய்யப்படவில்லை. ஆனாலும் தோட்டா வரும் என்று தெரிந்தவர் அந்தப் பாரத்தைச் சுமந்ததில் நியாயம் இருந்தது. இன்று வின்ச்சையும் இரும்பு பம்பரையும் முன்னால் மாட்டுகிறவர்களும் அதே ஸ்பிரிங், அதே பிரேக் மேல்தான் பாரம் ஏற்றுகிறார்கள்.

எதை மாற்றுவது என்று யோசிப்பதற்கு முன் வண்டி எந்த ரகம் என்று தெரிய வேண்டும். சீரிஸ் 1 1958 வரை வந்தது. சீரிஸ் 2 1958 முதல் 1961 வரை, 2ஏ 1971 வரை, சீரிஸ் 3 1985 வரை. முன்விளக்குகள் நடுவில் ரேடியேட்டர் பக்கத்தில் இருந்தால் பழையது. மட்கார்டுக்கு நகர்ந்திருந்தால் 2ஏ-யின் கடைசிக் காலம் அல்லது சீரிஸ் 3. அச்சுக்கு அச்சு நீளம் 88 அங்குலமா 109 அங்குலமா என்பதும் முக்கியம். சாமான் வாங்கும்போது முதல் கேள்வியே அதுதான்.

போருக்குப் பின் பிரிட்டனில் இரும்புத் தட்டுப்பாடு இருந்ததால் இதன் உடலை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அதனால் ‘இது துருவே பிடிக்காத வண்டி’ என்று ஒரு பேச்சு உண்டு. பாதிதான் உண்மை. அடியில் இருக்கும் சேசிஸும், எஞ்சினுக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவே நிற்கும் தடுப்புச் சுவரும் இரும்பு. சேசிஸ் உள்ளே குழாய்போல் வெற்றிடமாக இருக்கும். தோட்டத்துச் சேறு உள்ளே போய் உட்கார்ந்து, நம் ஊர் ஈரத்தில் உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயிண்ட் பளபளக்கும். சிறிய சுத்தியலை எடுத்து, பின்பக்கக் குறுக்குச் சட்டம், ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடங்கள், பக்கக் கைகள் என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும். ‘டிங்’ என்று ஒலித்தால் நல்லது. ‘டொப்’ என்று மந்தமாகக் கேட்டாலோ தூள் கொட்டினாலோ முதல் செலவு அங்கேதான். அரித்த சேசிஸ்மேல் வேறு எதை மாட்டினாலும் அந்தப் பணம் வீண். உள்பக்கத்தைக் கழுவிக் காயவைத்து, துரு தடுக்கும் மெழுகு எண்ணெயைப் பீய்ச்சுவது மலிவான வேலை. வெளியே தெரியாத வேலை என்பதாலோ என்னவோ, அதைச் செய்கிறவர்கள் குறைவு.

அடுத்தது பிரேக். நான்கு சக்கரத்திலும் டிரம். சேற்றுத் தண்ணீரில் இறங்கி ஏறினால் டிரம்முக்குள் நீர் புகுந்து கொஞ்ச நேரம் பிடிப்பு குறையும். பழைய வண்டிகளில் பிரேக் எண்ணெய் போகும் பாதை ஒன்றே ஒன்று. ஒரு சக்கரத்தில் கசிந்தாலும் பெடல் மொத்தமாகத் தரையைத் தொடும். இதற்காக உடனே டிஸ்க் பிரேக் வாங்க ஓட வேண்டியதில்லை. நான்கு சக்கரத்துச் சிலிண்டர்களையும் ரப்பர் குழாய்களையும் புதிதாக மாற்றி, ஷூவைச் சரியான இடைவெளிக்கு முறுக்கி வைத்தாலே பாதிக் குறை தீரும். பிரேக் எண்ணெய் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், அதனால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையாவது முழுதாக மாற்ற வேண்டும். இவ்வளவும் செய்தபின் பணம் மிச்சமிருந்தால், பின்னாள் சீரிஸ் 3-இல் வந்த இரட்டைப் பாதை மாஸ்டர் சிலிண்டரையும் செர்வோவையும் பழைய வண்டிக்குக் கொண்டுவரலாம். 88 வண்டிக்கு 109-இன் 11 அங்குல முன் டிரம்களைப் பொருத்துவதும் பலர் செய்து பார்த்த நல்ல மாற்றம். அதே கம்பெனி சாமான் என்பதால் வெட்டி ஒட்டும் வேலை குறைவு. டிஸ்க் அதற்கும் மேலானதுதான், ஆனால் ஏற்கெனவே உள்ள ரிம்முக்குள் அடங்குமா என்று அளந்து பார்த்துவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

கைப்பிரேக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தெரியாமல் அடிபட வாய்ப்புள்ள இடம் அது. மற்ற கார்களைப்போல் இது சக்கரத்தைப் பிடிப்பதில்லை. கியர் பாக்ஸுக்குப் பின்னால், பின்சக்கரங்களுக்குப் போகும் தண்டைப் பிடிக்கிறது. பின்சக்கரம் ஒன்றை ஜாக்கி வைத்துத் தூக்கினால், டிஃபரன்ஷியல் வழியாக அந்தச் சக்கரம் சுற்ற, தரையில் உள்ள சக்கரமும் உருளும். கைப்பிரேக் போட்டிருக்கிறதே என்று நம்பி அடியில் படுக்கவே கூடாது. முன்சக்கரத்துக்கு இரு பக்கமும் கட்டை கொடுத்த பிறகே ஜாக்கி. இரண்டு நல்ல கட்டைகளை வண்டியிலேயே வைத்திருப்பதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

இனி, அதிகம் பேரின் கண் போகும் டயருக்கு வருவோம். 88-க்கு 6.00-16, 109-க்கு 7.50-16 என்பது பழைய வழக்கமான அளவு. பார்க்க ஒல்லியாக இருக்கும். ஆனால் செம்மண் சேற்றில் ஒல்லி டயர் மேல் சேற்றைக் கிழித்துக்கொண்டு அடியில் உள்ள கெட்டித் தரையைத் தொடும். அகல டயர் மேலேயே மிதந்து வழுக்கும். அது மணலுக்கு நல்லது, நம் தோட்டச் சாலைக்கு அவ்வளவு அல்ல. 7.50 அளவில் நல்ல சேற்றுப் பூ உள்ள டயர் போதும்.

அதைவிடப் பெரிய டயர் போடும்போது வேறொரு கணக்கு தொடங்குகிறது. இந்த வண்டியின் பின் அச்சுக்குள் சக்கரத்தைச் சுற்றும் ஹாஃப் ஷாஃப்ட்கள் மெல்லியவை. முறியும் என்று பேர் வாங்கியவை. டயரின் விட்டம் கூடினால் அதைச் சுற்ற வேண்டிய முறுக்கு முழுவதும் அந்த ஷாஃப்ட்மேல் விழும். ஒன்று முறிந்தால் பின்சக்கர இழுவை போய்விடும். அதோடு, மேலே சொன்ன கைப்பிரேக்கும் போய்விடும், ஏனென்றால் அது பிடிக்கும் தண்டுக்கும் சக்கரத்துக்கும் இருந்த தொடர்பு அறுந்துவிட்டது. மேட்டில் நிற்கும் வண்டி பின்னால் உருளும்போதுதான் டயருக்கும் கைப்பிரேக்குக்கும் என்ன சம்பந்தம் என்பது விளங்கும். பெரிய டயர் வேண்டுமென்றால் கெட்டியான ஷாஃப்ட்டுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்க வேண்டும். இன்னொன்று: காய்ந்த தார்ச்சாலையில் நான்கு சக்கர இழுவையைப் போட்டு ஓட்டக்கூடாது. முன்னும் பின்னும் வேகவேறுபாட்டைச் சமாளிக்கும் நடு டிஃபரன்ஷியல் இந்த வண்டியில் இல்லை, அந்த இறுக்கமும் ஷாஃப்ட்டைத்தான் தின்னும்.

எஞ்சின் மாற்றமும் இதே சங்கிலிதான். பழைய 2.25 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் 70 குதிரைத்திறன் சுற்றளவில் கொடுப்பது. மெதுவானது, ஆனால் எளிதில் சாகாதது. ஹாஃப்கட் கடைகளில் ஜப்பானிய டீசல் எஞ்சின்கள் கிடைப்பதால் அதைக் கழற்றி இதை மாட்டும் பழக்கம் நம் நாட்டில் பரவலாக உண்டு. ஓட்டினால் வித்தியாசம் உடனே தெரியும். ஆனால் கூடுதல் முறுக்கு கியர் பாக்ஸ் வழியாக அதே மெல்லிய ஷாஃப்ட்டுக்குத்தான் போகிறது. கனமான எஞ்சின் என்றால் முன் ஸ்பிரிங்கும் தாழும்.

டீசல் மலிவு என்ற பழைய காரணமும் இப்போது முன்போல் இல்லை. 2024 ஜூன் 10-இல் தீபகற்பத்தில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு உயர்ந்தது. மாதத்தில் இரண்டு முறை சிரம்பானுக்குப் போய்வரும் வண்டிக்கு, எஞ்சின் மாற்றிய செலவு எரிபொருள் மிச்சத்தில் திரும்பி வருவது கடினம். நல்ல பெட்ரோல் எஞ்சின் இருந்தால் அதையே பிரித்துச் சரிசெய்வது பெரும்பாலும் புத்திசாலித்தனம். எஞ்சின் தேறவே தேறாது என்றால் மட்டும் மாற்றத்தைப் பற்றிப் பேசலாம்.

அப்படி மாற்றுவதாக இருந்தால் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயின் அனுமதியும் வாகனப் பரிசோதனையும் வேண்டும். புதிய எஞ்சின் எண் கிராண்டில் ஏற வேண்டும். எண் பொருந்தாத வண்டியை விற்கவும் முடியாது, விபத்து நேர்ந்தால் காப்புறுதி இழப்பீட்டிலும் சிக்கல் வரலாம். எஞ்சினை வாங்குவதற்கு முன்பே இலாகாவில் கேட்டுவிட்டு, வாங்கிய ரசீதைப் பத்திரமாக வைத்திருப்பது நல்லது. பட்டறையில் ‘எல்லாம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று சொல்வதை மட்டும் நம்பக்கூடாது. நாளை கிராண்டில் இருக்கப்போவது வண்டிக்காரரின் பெயர்தான்.

சின்னச் செலவில் பெரிய பலன் தருவது மின்சார வேலை. பழைய வண்டியில் டைனமோ இருக்கும். இரவு மழையில் விளக்கும் வைப்பரும் ஓட, நெரிசலில் நின்றால் அது பேட்டரியை நிரப்பாது. ஆல்டர்னேட்டர் போட்டால் அந்தக் கவலை தீரும். பாயிண்ட், கண்டன்சருக்குப் பதில் எலெக்ட்ரானிக் இக்னிஷன் போடுவதும் நல்லதே. கழற்றிய பழைய பாயிண்டைக் கருவிப் பெட்டியில் போட்டு வைத்தால், புதியது நடுக்காட்டில் கைவிட்டாலும் வீடு வந்து சேரலாம். 1960-களின் நடுப்பகுதிவரை வந்த வண்டிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். அதைப் பார்க்காமல் புது ரேடியோவோ ஆல்டர்னேட்டரோ மாட்டினால் அந்த நிமிடமே கருகும். ஒன்றிரண்டு ஃபியூஸ் மட்டுமே உள்ள வண்டியில் நல்ல ஃபியூஸ் பெட்டி வைப்பது அவசியம். 88-இல் பெட்ரோல் தொட்டி முன் இருக்கைக்கு அடியிலேயே இருக்கிறது என்பதை நினைத்துப் பார்த்தால் காரணம் புரியும். ஒரு தீயணைப்பானும் வாங்கி கைக்கு எட்டும் இடத்தில் மாட்டலாம்.

வண்டி சூடாகிறது என்றால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நம் ஊர்ப் பட்டறை வைத்தியம். அது தீர்வல்ல. ரேடியேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, தேவைப்பட்டால் உள்கூட்டை மாற்றுவதே தீர்வு.

தூக்கித் தூக்கிப் போடும் சவாரிக்கு, இலைகள் குறைவான பாரபோலிக் ஸ்பிரிங் போடலாம். ஆள் போகும் வண்டிக்கு அது சுகம். குலை ஏற்றும் வண்டிக்குப் பழைய பட்டை ஸ்பிரிங்கே பொருத்தம். எதுவானாலும் முதலில் இருக்கும் ஸ்பிரிங்கைப் பிரித்துத் துருவைச் சுரண்டி, கிரீஸ் தடவி, புஷ்களை மாற்றிப் பார்க்கட்டும். துருவேறி ஒட்டிக்கொண்ட பட்டைகள்தான் பாதிக் குலுக்கலுக்குக் காரணம்.

நெடுஞ்சாலையில் அடிக்கடி போகிறவருக்கு ஓவர்டிரைவ் பயன்படும். 1970-களில் வந்த ஃபேரி ஓவர்டிரைவ் எஞ்சின் சுற்றை ஏறக்குறைய 22 விழுக்காடு குறைக்கும். வேக டிஃபரன்ஷியல் மாற்றுவதைவிட இது மேல், ஏனென்றால் மேடு ஏறும்போது நிறுத்திவிடலாம். சுங்கை காடுட்டுக்கும் செனவாங்குக்கும் நடுவில் மட்டும் ஓடும் வண்டிக்கு இரண்டுமே வேண்டாம்.

பெட்ரோல் வண்டிக்கு ஸ்நோர்க்கல் பெரும்பாலும் அலங்காரம். காற்றுக்குழாய் கூரைக்கு எட்டினாலும், டிஸ்ட்ரிபியூட்டர் தாழ்வாக நின்று நனைந்து எஞ்சினை நிறுத்திவிடும். வரிசை விளக்குகள் ஜேபிஜே சோதனையில் அபராதத்துக்கு வழி. அந்தப் பணத்துக்கு முன் இருக்கைகளில் மூன்று முனை இருக்கைப் பட்டை போடலாம். பின்னால் எதிரெதிரே பார்த்து உட்காரும் பெஞ்சுகளில் பிள்ளைகளை ஏற்றிச் செல்வது தோட்டத்து வழக்கம். நம் நாட்டில் 2009 முதல் பின்னிருக்கைக்கும் பட்டை கட்டாயம் என்றாலும், பக்கவாட்டுப் பெஞ்சில் பட்டை கட்டினாலும் பாதுகாப்பு குறைவுதான். பிள்ளைகள் வருவதாக இருந்தால் முன்நோக்கிய இருக்கைகளைச் சேசிஸோடு பிணைத்துப் பொருத்த முடியுமா என்று பட்டறையிலும், அதற்கு அனுமதி தேவையா என்று ஜேபிஜேயிலும் கேட்டுவிட்டு இறங்கலாம். கழற்றிய பழைய பெஞ்சுகளையும் கதவு, கண்ணாடிச் சட்டங்களையும் விற்றுவிடாமல் வைத்திருந்தால், பிறகு ஒருநாள் வண்டியைப் பழையபடி ஆக்க விரும்பும்போது அவற்றைத் தேடி அலைய வேண்டியிருக்காது.